தொடாமல் வைத்தியம்

“கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பு கடலாகக் கிடந்து, அக்கடலின் சங்கும் நத்தையும் மாண்டு சுண்ணாம்பாய்ச் சமைந்த இந்த அரியலூர் மண்ணில், இனி எந்தச் சிற்றுயிரும் நம் கையால் மாளாது. இது தங்கப்பாறை சிமெண்ட்ஸ் குடும்பம் இவ்வுலகுக்கு அளிக்கும் வாக்கு.”

நிர்வாக மேலாளர் தமிழழகன் எழுந்து நின்று இதைப் படித்து முடித்தபோது கூட்ட அறையிலிருந்த பதினோரு பேரும் கைதட்டினார்கள். பிறகு மட்டன் பிரியாணி சாப்பிடப் போனார்கள்.

மஞ்சு கதவோரம் தெளிப்பான் பாட்டிலோடு நின்றுகொண்டிருந்தாள். கூட்டத்துக்கு அவளை யாரும் அழைக்கவில்லை. செடிகளைப் பற்றிப் பேச்சு வந்தால் காட்டுவதற்கு ஓர் ஆள் வேண்டும் என்று நிற்க வைத்திருந்தார்கள். பேச்சு முழுக்கச் செடிகளைப் பற்றித்தான் நடந்தது. அவள் பக்கம் யாரும் திரும்பவில்லை.

வாக்கில் சொல்லப்பட்ட சிற்றுயிர் மாவுப்பூச்சி. ஆலையின் நிர்வாகக் கட்டடத்துக்குள் வரவேற்பறை, நடைபாதை, அதிகாரிகளின் அறைகள் என்று மொத்தம் அறுபத்திரண்டு தொட்டிகள் இருந்தன. ரப்பர் செடி, மணிபிளான்ட், பாம்புக் கற்றாழை, பெயர் தெரியாத சில சென்னைச் செடிகள். ஆறு வருஷமாக அவற்றுக்குத் தண்ணீர் ஊற்றி, பழுத்த இலை கிள்ளி, வாரம் ஒருமுறை வெயில் காட்டி வளர்த்தவள் மஞ்சு. மாசி மாதம் சென்னையிலிருந்து ‘பசுமை அரண்’ என்ற அமைப்பின் குழு வருவதாக இருந்தது. ‘நஞ்சில்லா அலுவலகம்’ என்ற விருதுக்கு ஆலை விண்ணப்பித்திருந்தது. அந்த விருதுக்கு நஞ்சு இல்லாமல் இருந்தால் மட்டும் போதாது. நஞ்சைத் துறந்திருக்க வேண்டும். துறப்பதற்கு முதலில் பூச்சி வேண்டும். அது கையில் இல்லாததுதான் தமிழழகனுக்குப் பெரிய குறையாக இருந்தது.

கார்த்திகையில் ஒரு திங்கட்கிழமை காலை பூச்சி கிடைத்தது.

வரவேற்பறையில் இருந்த ரப்பர் செடியின் இலைமேல் தமிழழகன் ஒரு விரலை இழுத்தார். விரல் போன வழியெல்லாம் பச்சையாகவும் மற்ற இடமெல்லாம் வெள்ளையாகவும் தெரிந்தது. மஞ்சுவைக் கூப்பிட்டார்.

“என்னம்மா இது?”

“தூசிங்க சார். நேத்து ஞாயித்துக்கெழமையில்ல, தொடைக்கல. இப்பத் தொடச்சிர்றேன்.”

தமிழழகன் சுற்றுமுற்றும் பார்த்தார். அவளைத் தன் அறைக்குள் வரச் சொல்லிக் கதவைச் சாத்தினார்.

“மஞ்சு, நம்ம ஆலையில தூசி இருக்கா?”

மஞ்சு ஜன்னல் வழியாக வெளியே பார்த்தாள். சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே வந்துகொண்டிருந்தன. மூன்றாவது லாரி தெரிந்தது. நான்காவது லாரியின் விளக்கு மட்டும் தெரிந்தது.

“சொல்லும்மா.”

“கொஞ்சம் இருக்குதுங்க.”

“நம்ம சுற்றுச்சூழல் அறிக்கை என்ன சொல்லுது? தூசி அனுமதிக்கப்பட்ட அளவுக்குள்ள இருக்குன்னு சொல்லுது. அனுமதிக்கப்பட்ட தூசின்னா கண்ணுக்குத் தெரியாது. இது கண்ணுக்குத் தெரியுதா?”

“தெரியுதுங்க.”

“அப்ப இது தூசியில்ல.”

இப்படி ஒரு முடிவுக்கு எவ்வளவு எளிதாக வந்துவிட முடிகிறது என்று அவருக்கே வியப்பாக இருந்திருக்க வேண்டும். நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

மஞ்சுவுக்கு மாவுப்பூச்சி தெரியும். இரண்டு மாதம் முன்பு இதே தமிழழகன் தன் வீட்டிலிருந்து கொண்டுவந்து மேசையில் வைத்த மணிபிளான்ட்டில் நிஜமான மாவுப்பூச்சி இருந்தது. இலை தண்டோடு சேரும் இடுக்கில் பஞ்சுபோல அப்பிக்கொண்டு, தொட்டால் பிசுபிசுத்து, எறும்பைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டு இருந்தது. ஒன்றை நசுக்கிப் பார்த்தாள். விரலில் ஆரஞ்சு நிறத்தில் ஈரம். அன்றைக்கே அந்தத் தொட்டியை மற்றச் செடிகள் பக்கம் போகவிடாமல் பின்பக்கப் படிக்கட்டுக்குக் கீழே தனியாக வைத்தாள். காது குடையும் பஞ்சுக்குச்சியை முதலுதவிப் பெட்டி ஸ்பிரிட்டில் நனைத்து ஒவ்வொரு பூச்சியாகத் தொட்டு எடுத்தாள். பிறகு துணி சோப்பு இல்லாமல் குளிக்கிற சோப்பைக் கரைத்து, முதலில் ஒரே ஓர் இலைக்கு அடித்து, மறுநாள் அந்த இலை கருகாததைப் பார்த்த பிறகு முழுச் செடிக்கும் அடித்தாள். மூன்று வாரம். பூச்சி போய்விட்டது. செடியைத் துடைத்து மேசையில் கொண்டுபோய் வைத்தபோது, ‘எங்க போச்சு இது இவ்வளவு நாளா?’ என்றுகூட அவர் கேட்கவில்லை. செடி போனதும் வந்ததும் அவருக்குத் தெரியாது.

தூசி அப்படியில்லை. அது இடுக்குக்குள் ஒளியாது. இலையின் மேல்பக்கம் சமமாகப் படியும். எறும்பு அதைச் சீந்தாது. ஆலைக்குப் பின்னால் இருந்த மஞ்சுவின் ஊரில் முருங்கைக் கீரையை மூன்று தண்ணீரில் அலசாமல் யாரும் அடுப்பில் ஏற்றுவதில்லை. கொசுவலைக்குள்தான் மிளகாய் காயும். பூச்சிக்கும் தூசிக்கும் வித்தியாசம் அந்த ஊரில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும்.

இதையெல்லாம் அவள் சொல்லத்தான் வாயெடுத்தாள். தமிழழகன் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்து வைத்தார்.

“ஒப்பந்தத் தொழிலாளர்ல மூணு பேரை நிரந்தரமாக்கச் சொல்லித் தலைமை அலுவலகத்துல கேட்டிருக்காங்க. பங்குனிக்குள்ள பட்டியல் போகணும். மூணாவது பேரு யாருன்னு பாரு.”

மூன்றாவது பெயர் அவளுடையது.

ஆலையில் இரண்டு நாடாக்கள் உண்டு. அடையாள அட்டையைச் சிவப்பு நாடாவில் கழுத்தில் மாட்டியவர்கள் ஒப்பந்தம். நீல நாடா நிரந்தரம். சிவப்பு நாடா வெளிவாசலில் இறங்கி ஒரு கிலோமீட்டர் நடக்கும். நீல நாடா அரியலூரிலிருந்து ஆலைப் பேருந்தில் வந்து வாசற்படியில் இறங்கும். நீல நாடாவின் பிள்ளைகள் ஆலைப் பள்ளியில் படிப்பார்கள். மஞ்சுவின் மகள் நந்தினி வரும் ஜூனில் ஆறாம் வகுப்பு. அந்தப் பள்ளியின் சீருடை என்ன நிறம் என்பதுவரை அந்தப் பெண்ணுக்குத் தெரியும். சாக்ஸில் இரண்டு கோடு, அதில் மேல்கோடு மெலிசு என்பதும் தெரியும்.

மஞ்சு தாளைப் பார்த்தாள். அவர் விரலில் ஒட்டியிருந்த வெள்ளையைப் பார்த்தாள்.

“மாவுப்பூச்சி மாதிரிதாங்க இருக்கு சார்,” என்றாள்.

“மாதிரின்னு சொல்லாத. அதுல ஒரு தயக்கம் தெரியுது.”

“மாவுப்பூச்சிதாங்க.”

மறுநாளே ‘தாவர நலப் பதிவேடு’ என்று ஒரு தடிமனான நோட்டு அச்சடித்து வந்துவிட்டது. தேதி, தொட்டி எண், நோய், சிகிச்சை, கையொப்பம். நோய்க் கட்டத்தில் எழுதவேண்டியதில்லை. அச்சிலேயே இருந்தது: மாவுப்பூச்சி, அசுவினி, செதில்பூச்சி, சிலந்திப்பேன். பொருந்துவதில் டிக் அடிக்க வேண்டும். தூசிக்குக் கட்டம் இல்லை. ‘நலமாக உள்ளது’ என்பதற்கும் கட்டம் இல்லை.

அந்த வாரம் பெரம்பலூரிலிருந்து ஆலோசகர் வந்தார். பெயர் அழகேசன். பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் உரக்கடை வைத்திருந்தார். கடையில் விற்றதெல்லாம் மூடியில் மண்டையோடு போட்ட பாட்டில்கள். ஆலை அவருக்கு ‘மென்முறைத் தாவர ஆலோசகர்’ என்று கார்டு அடித்துக் கொடுத்திருந்தது. கூட்ட அறையில் தமிழழகன் தலைமையில் ஆலோசனை நடந்தது. மஞ்சு வழக்கம்போலக் கதவோரம்.

“சார், முறைன்னு பாத்தா நாலஞ்சு இருக்குங்க,” என்று அழகேசன் ஆரம்பித்தார். “ஸ்பிரிட்டுல பஞ்ச நனைச்சு, பூச்சியத் தொட்டுத் தொட்டு எடுத்துடலாம்.”

“பூச்சிக்கு எரியுமா?”

அழகேசன் நாற்பது வருஷமாகப் பூச்சிமருந்து விற்றவர். இந்தக் கேள்வியை யாரும் அவரிடம் கேட்டதில்லை.

“செத்துரும் சார். அப்புறம் எரியாது.”

“வேண்டாம். அடுத்து?”

“பூண்டு, பச்சமிளகா அரைச்சுக் கரைச்சு வடிகட்டி...”

“மிளகாயா? கண்ணுல பட்டா?”

“பூச்சிக்குங்களா?”

“யாருக்கா இருந்தாலும்.”

“சரிங்க. தண்ணியப் பீச்சி அடிச்சா உதுந்துரும்.”

“விழுந்து அடிபடாதா?”

அழகேசன் மஞ்சுவைத் திரும்பிப் பார்த்தார். அவள் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இல்லன்னா எல்லாத்தவிட சுலுவு, ஈரத் துணியால இலையத் தொடச்சிடறது. செலவே இல்ல.”

“துடைச்சா நசுங்கும். நசுக்கறது வன்முறை,” என்றார் தமிழழகன். குரல் உருகியது. “அழகேசன், நான் கேக்கறது தொடா மருத்துவம். நம்ம கை படக்கூடாது. பூச்சி தானா யோசிச்சு, தானா முடிவெடுத்து, தானா வெளியேறணும்.”

“போன வருசம் எங்க மச்சானுக்கு இந்த ஆலையில விருப்ப ஓய்வு குடுத்தீங்களே, அது மாதிரிங்களா?”

“அதே மாதிரி,” என்றார் தமிழழகன், மகிழ்ச்சியோடு.

கடைசியில் வேப்பெண்ணெய்க் கரைசல் முடிவாயிற்று. ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு ஸ்பூன் வேப்பெண்ணெய், எண்ணெயும் தண்ணீரும் சேர அரை ஸ்பூன் சோப்புத் திரவம், குலுக்கி, பனிபோலத் தெளிப்பது. வாரம் இரண்டு முறை. துடைப்பது கூடாது. விதி எழுதி வரவேற்பறையில் ஒட்டப்பட்டது: ‘இலைகளைத் தொடாதீர்.’

கூட்டம் முடிந்து அழகேசன் பைக்கை எடுக்க வந்தபோது மஞ்சு பின்னால் போனாள்.

“அண்ணே, அது தூசிண்ணே.”

“எனக்குத் தெரியாதா தங்கச்சி? சுத்தமான சிமெண்ட்டு. கைய வெச்சதுமே தெரியும்.”

“அப்ப சொல்லக் கூடாதா?”

“சொல்லிட்டு? சிமெண்ட்டுக்கு ஆலோசனை சொல்றதுக்கு எஞ்சினீயர் வேணும். நான் உரக்கடைக்காரன்.” ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார். பிறகு கண்ணாடியை மேலே தூக்கி, “ஒண்ணு சொல்றேன் கேட்டுக்க. நெசப் பூச்சிக்கு நான் சொன்னது நல்ல மருந்து. ஆனா சிமெண்ட்டு மேல தண்ணியத் தெளிச்சுட்டுத் தொடைக்காம வுட்டா என்ன ஆவும்னு கொத்தனாரு பொண்டாட்டியக் கேளு,” என்றார். வண்டி கிளம்பிவிட்டது.

கேட்கவேண்டிய அவசியம் வரவில்லை. மூன்றாவது வாரம் தெரிந்துவிட்டது.

முதல் தெளிப்பில் இலைகள் எண்ணெய்ப் பசையோடு பளபளத்தன. அந்தப் பசையில் அன்று மாலைக்குள் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு தூசி ஒட்டியது. இரண்டாவது தெளிப்பில் அது நனைந்தது, காய்ந்தது, இறுகியது. அதன்மேல் புதுத் தூசி, அதன்மேல் புதுத் தெளிப்பு. மார்கழி பாதியில் ரப்பர் செடி இலையை நகத்தால் தட்டினால் சத்தம் வந்தது.

பெருக்குகிற பொன்னுத்தாய்க்கு இதைப் பார்த்துப் பார்த்து மாளவில்லை. அவளுக்கு ஐம்பத்தைந்து வயது, இருபது வருஷம் சிவப்பு நாடா. நீல நாடாவை நினைப்பதையே விட்டுவிட்டதால் வாய் நன்றாகத் திறக்கும்.

“ஏ மஞ்சு, எங்கூட்டுச் சொவத்துக்குப் பூசுனா ரெண்டு மழைக்கு வெடிக்குதுடி. இங்க பாரு, இலையில எம்புட்டு நல்லாப் புடிச்சிருக்கு! கம்பி கட்டிட்டா மாடியே எழுப்பிரலாம்.”

“சும்மா இருக்கா. யாராச்சும் கேக்கப் போறாங்க.”

“ஒரு துணிய எடுத்துத் தொடைக்க என்ன கேடு ஒனக்கு?”

“தொடக் கூடாதுன்னு எழுதி ஒட்டியிருக்காங்கக்கா.”

பொன்னுத்தாய் அந்தத் தாளைப் பார்த்தாள். படிக்கத் தெரியாதவள் பார்க்கிற பார்வைதான்.

“தொடாதங்கறதுக்கு அச்சடிச்சு வேற ஒட்டணுமாக்கும். எங்க காலத்துல ஒட்டாமலே தெரியும்,” என்று சொல்லிவிட்டுத் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போனாள்.

மஞ்சு தினமும் பதிவேட்டை எழுதினாள். மாவுப்பூச்சி, டிக். கையெழுத்து. மாவுப்பூச்சி, டிக். கையெழுத்து. கார்த்திகையில் பதினான்கு தொட்டிகளில் தொடங்கிய பூச்சி தை பிறந்தபோது அறுபத்திரண்டு தொட்டிகளுக்கும் பரவிவிட்டது. தமிழழகன் இதை வரைபடமாக்கித் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினார். ஏறிக்கொண்டே போகும் சிவப்புக் கோட்டுக்குக் கீழே ‘பல்லுயிர்ப் பெருக்கம்’ என்று தலைப்புக் கொடுத்திருந்தார்.

ஆனால் குழு வருகிற தேதி நெருங்க நெருங்க அவருக்குக் கோடு பிடிக்கவில்லை. பெருகியது காட்டியாகிவிட்டது, இனி அன்பினால் அது வெளியேறியதையும் காட்ட வேண்டும். வெள்ளிக்கிழமை குழு என்றால் புதன்கிழமை மஞ்சுவைக் கூப்பிட்டார்.

“என்னம்மா இது, ஒரு பூச்சிகூடப் போகலையே?”

“போகாதுங்க சார்.”

“ஏன் போகாது? நீ ஒழுங்காத் தெளிக்கல. மனசு வெச்சுத் தெளிக்கணும். பட்டியல் இன்னும் என் மேசையிலதான் இருக்கு, ஞாபகம் வெச்சுக்க. வெள்ளிக்கிழமை காலையில இலையெல்லாம் பச்சையா இருக்கணும்.”

“தொடைக்கலாங்களா சார்?”

“எப்படிப் பச்சையாகுதுங்கறது எனக்குத் தெரிய வேண்டாம்,” என்றார் தமிழழகன். பெரிய மனிதர்கள் அனுமதி கொடுக்கும்போது இப்படித்தான் கொடுப்பார்கள். பின்னால் திருப்பி வாங்கிக்கொள்ளத் தோதாக இருக்கும்.

வெள்ளிக்கிழமை விடிகாலை ஐந்தரைக்கு மஞ்சு தூக்குவாளியில் புளிக்கரைசலோடு வந்தாள். ஆலை ஊர்ப் பெண்களுக்கு இது தெரிந்த வேலை. சாப்பாட்டுத் தூக்கின் மூடியில் சிமெண்ட் படிந்து வெள்ளையாக இறுகினால் எந்தச் சோப்புக்கும் அசையாது. நீர்க்கப் புளி கரைத்து ஊறவைத்தால் இளகும். செடிக்கு அதை யாரும் செய்து பார்த்ததில்லை. கீழே இருந்த ஓர் இலையில் மட்டும் தடவி, சுவர்க்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு கால்மணி நேரம் காத்திருந்தாள். இலைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஈரத் துணியால் வழித்தாள். ஓடு கழன்றுவந்தது. நல்ல தண்ணீரால் இன்னொரு முறை துடைத்தாள். அடியில் பச்சை இருந்தது.

பொன்னுத்தாய் கேட்காமலே ஒரு பழைய வேட்டியைக் கிழித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அறுபத்திரண்டு தொட்டி. தேறாத இலைகளைக் கிள்ளி முந்தானையில் போட்டுக்கொண்டார்கள். எட்டரை மணிக்கு மஞ்சுவின் விரல்நுனியெல்லாம் சுருங்கி வெளுத்திருந்தது. வரவேற்பறை மழை பெய்து ஓய்ந்த தோப்பு மாதிரி இருந்தது. புளிவாசம் மட்டும் லேசாக.

“ரசம் வெச்ச மாதிரி இருக்குடி ஆபீசு,” என்றாள் பொன்னுத்தாய். “ஒனக்கு நீலக் கயிறு கெடச்சா எனக்கு ஒரு நாளு அந்த பஸ்ஸுல சன்னல் சீட்டு.”

பத்து மணிக்குக் குழு வந்தது. ஒரு கதர்ச் சேலை அம்மாள். கேமரா தொங்கவிட்ட ஒருவர். தமிழழகன் பட்டு வேட்டியில் இருந்தார். ஏறுகிற சிவப்புக் கோட்டைக் காட்டினார். வாக்கைப் படித்தார். பின்பு கையை அகல விரித்து, “பாருங்கள் அம்மா. தொடவில்லை. நசுக்கவில்லை. அடிக்கவில்லை. வேப்பெண்ணெயின் மெல்லிய பனித்துளியில் அவை தாமாகவே மனம் மாறி வெளியேறிவிட்டன,” என்றார்.

கதர்ச் சேலை அம்மாள் ஒரு ரப்பர் இலையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். கண் கலங்கியது. பிறகு கதவோரம் நின்ற மஞ்சுவைப் பார்த்தாள். ஆறு வருஷத்தில் அந்தக் கதவோரத்தில் நின்றவளிடம் ஒரு கேள்வி கேட்ட முதல் ஆள் அவள்தான்.

“நீங்கதானேம்மா இதுங்களப் பாத்துக்கறது? கையெல்லாம் இப்படி ஊறிப் போயிருக்கே. உண்மையச் சொல்லுங்க, மருந்து மட்டும்தான் அடிச்சீங்களா?”

உண்மையைச் சொல்லச் சொல்கிறார்கள். தமிழழகன் மஞ்சுவையே பார்த்துக்கொண்டிருந்தார். தூசி என்று சொன்னால் பட்டியல் போயிற்று, அது நிச்சயம். மூன்று மாதமாக அந்த ஒரு சொல்லை விழுங்கிக்கொண்டு வந்தது வீணாகும். ஆனால் செய்த வேலையையாவது சொல்லலாம். இவ்வளவு பேருக்கு முன்னால் யாரோ அவள் வேலையைப் பற்றிக் கேட்கிறார்கள்.

“இல்லிங்கம்மா. மருந்துக்குப் பூச்சி மசியல,” என்றாள். “விடியக்காலையில வந்து நானே ஒவ்வொரு இலையா ஈரத் துணி போட்டுத் தொடச்செடுத்தேன். ஒண்ணு வுடல.”

அந்த அம்மாள் இலையைக் கன்னத்திலிருந்து எடுத்தாள்.

“அப்ப பூச்சிங்க?”

“செத்துருக்கும்ங்க.”

“எத்தனை இருக்கும்?”

தமிழழகன் கண்ணை மூடிக்கொண்டார். மஞ்சு, கணக்குக் குறைத்துச் சொன்னால் வேலை குறைவாகத் தெரியுமே என்று யோசித்தாள்.

“அறுபத்திரண்டு தொட்டிங்க. ஆயிரக்கணக்குல இருக்கும்ங்கம்மா,” என்றாள்.

அம்மாள் அதை எழுதிக்கொண்டாள். கேமராக்காரர் மஞ்சுவின் கைகளைப் படமெடுத்தார்.

திங்கட்கிழமை விசாரணை. தமிழழகனின் அறை, தமிழழகன், மேசையில் பதிவேடு. எதிரே அவர் வீட்டு மணிபிளான்ட் கொழுகொழுவென்று தொங்கிக்கொண்டிருந்தது.

“சார், நான் எதையும் கொல்லலிங்க,” என்றாள் மஞ்சு. “அது பூச்சியே இல்லியே. ஒங்களுக்கும் தெரியும். தூசிங்க சார் அது.”

தமிழழகன் கோபப்படவில்லை. பதிவேட்டை அவள் பக்கம் திருப்பி வைத்தார். பக்கம் பக்கமாகப் புரட்டினார்.

“இது யார் கையெழுத்து?”

“என்னுதுங்க.”

“இது?”

“என்னுதுதான்.”

“தொண்ணூத்தொரு நாள். மாவுப்பூச்சி, மாவுப்பூச்சி, மாவுப்பூச்சி. ஒரு நாளாவது தூசின்னு இருக்கா?”

“அதுக்குக் கட்டமே இல்லிங்களே சார்.”

“அப்ப தொண்ணூத்தொரு நாளும் பொய் எழுதினியா?”

மஞ்சு பதிவேட்டில் இருந்த தன் கையெழுத்தைப் பார்த்தாள்.

“பொய்ப் பதிவுன்னா வேலையே போயிடும்மா. ஒப்பந்தமும் போயிடும். எனக்கு அதுல இஷ்டமில்ல, நான் ஒரு எறும்புக்குக்கூடத் தீங்கு நினைக்காதவன். ஆனா பூச்சி இருந்தது, நீ அவசரப்பட்டுக் கொன்னுட்டன்னா, அது குணக்கேடு மட்டும்தான். பட்டியல்ல பேர் எடுத்தாப் போதும். வேலை இருக்கும்.” பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டினார். “ரெண்டுல எதுன்னு நீயே சொல்லு. நான் கட்டாயப்படுத்தல.”

வெளியே லாரிகள் வந்துகொண்டிருந்தன. இன்று இரண்டாவது லாரியே மங்கலாகத்தான் தெரிந்தது.

மஞ்சு பேனாவை வாங்கினாள். தாளில் முன்கூட்டியே தட்டச்சு செய்யப்பட்டிருந்தது: ‘நிர்வாகத்தின் மென்முறைக்கு மாறாக, 62 தொட்டிகளில் வாழ்ந்துவந்த ஆயிரக்கணக்கான சிற்றுயிர்களை நான் என் கையால் அழித்தேன்.’ கையெழுத்துப் போட்டாள். பதிவேட்டுக்குப் போட்டுப் போட்டு இப்போது அது வேகமாக வந்தது.

வெளியே பொன்னுத்தாய் காத்திருந்தாள்.

“என்னடி ஆச்சு?”

“கொன்னுட்டேன்னு எழுதிக் குடுத்துட்டேன்கா.”

பொன்னுத்தாய் சிரிக்க வந்து, அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். “போவட்டும் வுடு,” என்றாள். “இந்த ஆலையில நீ ஒருத்தியாவது செஞ்சேன்னு ஒத்துக்கிட்டியே.”

பட்டியல் இரண்டு பெயர்களோடு போயிற்று. மூன்றாவது இடத்தில் யாரையும் போடவில்லை. இரண்டே போதும் என்று தலைமை அலுவலகம் சொல்லிவிட்டது. ஜூனில் நந்தினி ஊராட்சிப் பள்ளியில் எட்டாம் வகுப்புவரை இருக்கிறதே என்று அங்கேயே ஆறாவது போனாள். சாக்ஸ் கிடையாது. அந்தப் பெண் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மஞ்சுவுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

விருது சித்திரையிலேயே வந்துவிட்டது. ‘நச்சு நீக்கத்துக்காகவும், சிற்றுயிர்களின் உயிரிழப்புக்குக் காரணமான பணியாளர்மீது தயக்கமின்றி உடனடி நடவடிக்கை எடுத்தமைக்காகவும்’ என்று சான்றிதழில் இரண்டு நிறத்தில் அச்சிட்டிருந்தார்கள். விழாவில் தமிழழகன் பேசும்போது, ஒரு பூச்சியின் மரணம் தன்னை மூன்று நாள் தூங்கவிடவில்லை என்றார். அன்றும் பிரியாணிதான்.

செடிகளைத் தொடுகிற வேலை மஞ்சுவிடமிருந்து எடுக்கப்பட்டது. அவளுக்குக் கண்ணாடி துடைக்கும் வேலை. கதவு, ஜன்னல், மேசை விரிப்பின் மேலுள்ள கண்ணாடி, வரவேற்பறையில் ரப்பர் செடிக்கு நேர் மேலே மாட்டிய சான்றிதழின் கண்ணாடி. எதைத் துடைத்தாலும் பதிவேட்டில் காரணத்தோடு எழுத வேண்டும் என்பது தமிழழகனின் உத்தரவு. அந்தப் பதிவேடுதான் விருது வாங்கியது, அதையே எல்லா வேலைக்கும் வைத்துக்கொள்ளலாம் என்றும் சொல்லியிருந்தார். கட்டங்கள் பழைய நான்குதான்.

மஞ்சு தினமும் எழுதுகிறாள். பொருள்: சான்றிதழ். நோய்: மாவுப்பூச்சி. துடைத்தது: மூன்று முறை.